படம் ஏன் விக்குகிறது? போன், டிவி பாக்ஸ் வீடியோ பிளேயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ டிவி பாக்ஸ் மக்கர் செய்தால் எனக்குத்தான் போன் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: முதல் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். கோளாறு எங்கே என்று தெரியாமல் அமைப்புகளைத் திருகுவதால்தான் பாதிப் பேருக்கு இருந்ததும் கெட்டுப்போகிறது.

படம் விட்டு விட்டு ஓடுகிறது. எங்கே கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு படம் திரையில் ஓட மூன்று வேலைகள் நடக்க வேண்டும். கோப்பு பெட்டிக்குள் வந்து சேர வேண்டும். சுருக்கி வைத்திருக்கும் அந்தக் கோப்பை விரிக்க வேண்டும். விரித்த காட்சியை உரிய நேரத்தில் திரைக்கு அனுப்ப வேண்டும். மூன்றில் எது சறுக்கினாலும் நாம் ‘ஸ்டக் ஆகுது’ என்றுதான் சொல்கிறோம். கவனித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கும்.

வட்டம் சுற்றுகிறது, படமும் ஒலியும் சேர்ந்தே நிற்கின்றன என்றால் கோப்பு வந்து சேரவில்லை. வைஃபை, இணையம், பென் டிரைவ் ஆகியவற்றைப் பாருங்கள். பேச்சு தெளிவாகக் கேட்கிறது, படம் மட்டும் தத்தித் தத்திப் பின்தங்குகிறது என்றால் விரிக்கும் வேலை நடக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, கேமரா மெதுவாக நகரும் காட்சியில் மட்டும் சின்னச் சின்ன வெட்டு தெரிகிறது என்றால் அது திரையின் புதுப்பிப்பு வேகம் தொடர்பானது. படமே போடாதபோதும் மெனு நகர நேரம் எடுக்கிறதா? அது சூடு, அல்லது இடப் பற்றாக்குறை.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. அதே கோப்பை பெட்டியின் உள் நினைவகத்துக்கு நகல் எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் பிளேயர்மேல் தப்பில்லை. அப்போதும் விக்கினால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை.

‘ஹார்டுவேர் டிகோடிங்’ என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1080பி படத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால், நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ 75 எம்பி தேவைப்படும். ஒரு நிமிடத்துக்கே 4 ஜிபியைத் தாண்டிவிடும். அதனால்தான் படத்தை நசுக்கிச் சுருக்குகிறார்கள். ஓட்டும்போது அதை நொடிக்கு 24 தடவை விரிக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி உண்டு. அது விரித்தால் ஹார்டுவேர் டிகோடிங். அந்தப் பகுதிக்கு அந்தச் சுருக்க முறை தெரியாவிட்டால், பொது வேலைகள் பார்க்கும் சிபியு அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும். அது சாஃப்ட்வேர் டிகோடிங். மாவை கிரைண்டரிலும் ஆட்டலாம், ஆட்டுக்கல்லிலும் ஆட்டலாம். ஆட்டுக்கல்லில் ஆட்டினால் கை கடுக்கும், நேரமும் ஆகும். சிபியுவுக்கும் அப்படித்தான்: பெட்டி சூடாகும், போனில் சார்ஜ் கரையும், கடைசியில் படம் விக்கும்.

எது நடக்கிறது என்று பார்ப்பது எளிது. எம்எக்ஸ் பிளேயர் செயலியில் படம் ஓடும்போது மேல் மூலையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எச்டபிள்யூ என்றால் ஹார்டுவேர், எஸ்டபிள்யூ என்றால் சாஃப்ட்வேர். அதைத் தொட்டால் மாற்றலாம். எச்டபிள்யூ பிளஸ் என்பதும் ஹார்டுவேர்தான், கூட்டல் குறி போட்ட அதைத்தான் நான் முதலில் முயன்று பார்ப்பேன். விஎல்சி என்ற பிளேயரில் அமைப்புகளுக்குள் ‘ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்’ என்ற வரி இருக்கும். ‘ஆட்டோமேட்டிக்’ என்றே விடுங்கள். ஏதோ ஒரு படம் பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால் அந்தப் படத்துக்கு மட்டும் அணைத்துப் பார்த்துவிட்டு, மறக்காமல் திரும்பப் போடுங்கள். மறந்துபோய் மாதக்கணக்கில் சாஃப்ட்வேரிலேயே ஓட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘கோடி’ செயலியில் பிளேயர் அமைப்புகளை நிபுணர் நிலைக்கு மாற்றினால் ‘மீடியாகோடெக்’ என்று இரண்டு வரிகள் வரும். இரண்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

போன் புதுசு. எல்லாப் படமும் ஓடுகிறது, ஒரே ஒரு படம் மட்டும் விக்குகிறது. ஏன்?

அந்தப் படத்தைச் சுருக்கிய முறை உங்கள் சிப்புக்குத் தெரியாது. பெயரின் முடிவில் எம்கேவி, எம்பி4 என்று இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவை வெறும் பைகள். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

எச்.264 முறை 2003இல் வந்தது. இன்று கையில் இருக்கும் அநேகமாக எந்தக் கருவியும் அதை ஓட்டிவிடும். எச்இவிசி எனப்படும் எச்.265, கூகுளின் விபி9 இரண்டும் 2013இல் வந்தவை. பழைய மலிவுப் பெட்டிகள் சில இவற்றில் தடுமாறும். ஏவி1 வந்தது 2018இல். இதற்கு ஹார்டுவேர் வசதி இன்னும் எல்லாக் கருவியிலும் இல்லை. ஐபோன்களில் 15 புரோவில்தான், அதாவது 2023இல்தான் அது வந்தது. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2க்கு முந்தைய ஸ்னாப்டிராகன் சிப்புகளில் கிடையாது. டிவி பாக்ஸ்களில் பரவலாக இருக்கும் ஆம்லாஜிக் சிப்புகளில் எஸ்905எக்ஸ்3க்குத் தெரியாது, எஸ்905எக்ஸ்4க்குத் தெரியும். பெயரில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்.

ஹார்டுவேர் இல்லாவிட்டாலும் நல்ல போனில் ஏவி1 ஓடும். விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் குழுவின் டேவ்1டி என்ற மென்பொருள் அதை மிகத் திறமையாக விரிக்கிறது. சார்ஜ்தான் கூடுதலாகப் போகும். 4கே என்றால் அதுவும் திணறும்.

தனியாகச் சொல்ல வேண்டியது 10 பிட் எச்.264, அதாவது நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் வகை. அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பார்ப்பவர்களுக்கு இது நன்றாகப் பழக்கம். எச்.264 தானே என்று நினைப்போம். ஆனால் பெரும்பாலான சிப்புகள் அதன் 8 பிட் வகையை மட்டுமே விரிக்கும். மலிவுப் பெட்டியில் 1080பி அனிமே நொண்டுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். எச்இவிசியில் இந்தத் தொல்லை குறைவு, 10 பிட்டையும் பல சிப்புகள் விரித்துவிடும்.

கோப்புக்குள் எந்த முறை இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

விஎல்சியில் கோப்பின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘தகவல்’ பாருங்கள். எம்எக்ஸ் பிளேயரில் ‘புராப்பர்ட்டீஸ்’. யூடியூபில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்ற தேர்வைப் போட்டால் கோடெக், அதாவது சுருக்க முறையின் பெயர் தெரியும், எத்தனை சட்டகம் தவறிப்போனது என்ற எண்ணிக்கையும் வரும். அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் விரிப்பதில் சிக்கல்.

அந்தப் படத்தை என் பெட்டிக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடியுமா?

முடியும். கணினியில் ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருள் போதும். 1080பி படம் என்றால் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்ற தயார்நிலை அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் 8 பிட் எச்.264 ஆக்கித் தரும். பழைய மடிக்கணினியில் சில மணி நேரம் ஆகலாம், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். மறுபடி சுருக்கும்போது தரம் கொஞ்சம் குறையும் என்பதால் மூலக் கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள்.

இணையம் 100 எம்பிபிஎஸ் போட்டிருக்கிறோம். ஆனாலும் வட்டம் சுற்றுகிறது. ஏன்?

மோடம் வரைக்கும்தான் 100. அங்கிருந்து டிவி வரைக்கும் வருவது எவ்வளவு என்று அளந்தீர்களா? 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில், பக்கத்து வீடுகளின் சிக்னலும் சேர்ந்து நெரியும் தெருவில், நிஜமாகக் கையில் கிடைப்பது 20, 30 என்றுதான் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் வேகம் தாவும். ஆனால் அது சுவரைத் தாண்டி அவ்வளவாக வராது. இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸே மேல்.

எவ்வளவு தேவை என்று நீங்களே கணக்குப் போடலாம். வீட்டு ஹார்டு டிஸ்கிலிருந்து வைஃபை வழியாக ஒரு படம் பார்க்கிறீர்கள், அளவு 15 ஜிபி, நீளம் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 15 ஜிபி என்றால் 1,20,000 மெகாபிட். இரண்டரை மணி நேரம் 9,000 நொடி. வகுத்தால் நொடிக்குச் சராசரி 13 மெகாபிட்டுக்கு (எம்பிபிஎஸ் என்பது இதுதான்) மேல். சண்டைக் காட்சியில் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் போகும். அதே நீளத்தில் 60 ஜிபி 4கே கோப்பு என்றால் சராசரியே 53. அது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடாது, எந்த பிளேயர் போட்டாலும் ஓடாது.

கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். பல பெட்டிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான், ஆனாலும் நிலையாக வரும். நம் வீடுகளில் ஓடும் பெரும்பாலான படங்களுக்கு அது தாராளம். 4கே ப்ளூரே வட்டிலிருந்து அப்படியே எடுத்த கோப்பில் உச்ச வேகம் 100ஐத் தாண்டலாம். அப்படிப்பட்ட கோப்புகள் வைத்திருப்பவர்கள் மட்டும் கிகாபிட் துளை உள்ள பெட்டி தேட வேண்டும்.

பஃபர் அளவைக் கூட்டினால் சரியாகுமா?

பஃபர் என்பது படத்தை முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைக்கும் இடம். நெட் நடுநடுவே தடுமாறினால் சரியாகும். நெட்டே போதவில்லை என்றால் ஆகாது. சின்டெக்ஸ் தொட்டியைப் பெரிதாக்கினால் மட்டும் குழாயில் தண்ணீர் கூடுதலாக வந்துவிடாது இல்லையா, அதுபோலத்தான்.

விஎல்சியில் ‘நெட்வொர்க் கேச்சிங்’ மதிப்பு மில்லிநொடியில் இருக்கும். 3000 வரை வைத்துப் பார்க்கலாம். கோடியில் 2024இல் வந்த 21ஆம் பதிப்பிலிருந்து இந்த அமைப்பு மெனுவிலேயே வந்துவிட்டது. முன்பெல்லாம் இதற்கென்று ஒரு கோப்பை எழுதி வைக்க வேண்டும். 1 ஜிபி ரேம் உள்ள பெட்டியில் பஃபரைத் தாறுமாறாகக் கூட்டினால் செயலியே மூடிக்கொள்ளும், பார்த்துச் செய்யுங்கள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் நொண்டுகிறது. சில நேரம் தானாகவே அணைந்து எழுகிறது. என்ன செய்ய?

சூடு அல்லது மின்சாரம். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கூப்பிட்டார். “தம்பி, படம் பாதியில் அதுவே ஆஃப் ஆகி ஆன் ஆகுது, ரெண்டு தடவ ரீசெட் பண்ணிட்டேன், கேக்கல.” போய்ப் பார்த்தேன். சுவரில் மாட்டிய டிவி. டிவிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதற்குள் டிவி ஸ்டிக் (பென் டிரைவ் மாதிரி இருக்கும் குட்டி டிவி பாக்ஸ்), எச்டிஎம்ஐ துளையில் நேராகச் செருகியிருந்தது. தொட்டேன், விரலை வைத்திருக்க முடியவில்லை. மின்சாரத்துக்கு டிவியின் யுஎஸ்பி துளையிலேயே வயரைச் செருகியிருந்தார்கள்.

சாதாரண யுஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் கொடுப்பதற்கென்று வரையறுத்தது. 4கே படம் ஓடும்போது ஸ்டிக்குக்கு அது போதாது. வாங்கியபோது வந்த அடாப்டர் எங்கே என்று கேட்டேன். ஷோகேஸில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் இருந்தது. கூடவே ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரும். அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டி, நீட்டிப்பு வயரால் ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து காற்றுப்பட வைத்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அணைந்ததே இல்லை. டிவியின் உடம்பு சிக்னலை மறைப்பதும் குறைந்ததால் வைஃபையும் கொஞ்சம் தேறியது.

சிப் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் அந்த நொண்டல். பெட்டியை செட் டாப் பாக்ஸ் மேல் அடுக்காதீர்கள். மேலே துணி போட்டு மூடாதீர்கள். பென் டிரைவ் இருக்கட்டும், ஹார்டு டிஸ்க் செருகுகிறீர்கள் என்றால் அதற்குத் தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வையுங்கள். போனுக்கும் இதே சங்கதி: சார்ஜில் போட்டுக்கொண்டு, கனமான உறையோடு, 4கே படம் பார்த்தால் எந்தப் போனும் வேகத்தைக் குறைக்கும்.

ரேம் கிளீனர், பூஸ்டர் செயலிகள் போடலாமா? ‘டெவலப்பர் ஆப்ஷன்’ மாற்றச் சொல்லும் வீடியோக்கள்?

கிளீனர் வேண்டாம். ஆண்ட்ராய்டு தன் நினைவகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். கிளீனர் மூடிய செயலிகள் மறுபடி எழுந்திருக்கும், அந்த எழுந்திருக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

8 ஜிபி சேமிப்பு உள்ள பெட்டியில் நிஜமான தொல்லை இடம். பாதிக்கு மேல் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். மிச்சம் நிரம்பிவிட்டால் எல்லாமே ஆமை வேகம்தான். பார்க்காத செயலிகளை நீக்கி, கேச்சை (செயலிகள் சேர்த்து வைத்த தற்காலிகக் கோப்புகளை) அழித்து, ஒரு ஜிபியாவது காலியாக வைத்திருங்கள்.

டெவலப்பர் ஆப்ஷனில் அனிமேஷன் அளவைப் பாதியாக்குவதால் தீங்கில்லை, மெனு வேகமாகத் தெரியும். படம் ஓடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘எச்டபிள்யூ ஓவர்லேயை முடக்கு’ என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். வீடியோவை நேராகத் திரைக்கு அனுப்பும் குறுக்குவழியை அது அடைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஜிபியு என்ற காட்சி வரையும் பகுதி வழியாகச் சுற்றிவிடும். சின்னச் சிப்பில் படம் இன்னும் மோசமாகும்.

படம் வருகிறது, ஒலி வரவில்லை. அல்லது உதட்டசைவுக்குப் பின்னால் வருகிறது.

ஒலியே இல்லை, ‘இஏசி3 ஆதரவு இல்லை’ என்ற மாதிரி வருகிறது என்றால் அது டால்பி வகை ஒலி. உரிமக் காரணங்களால் எம்எக்ஸ் பிளேயர் அதையும் டிடிஎஸ் வகையையும் விட்டுவிட்டது. அதே கோப்பை விஎல்சியில் திறந்தால் பேசும்.

ஒலி தாமதமாக வந்தால் புளூடூத் ஹெட்போனா என்று பாருங்கள். சாதாரண புளூடூத்தில் ஐந்தில் ஒரு நொடி வாக்கில் பின்தங்குவது சகஜம். விஎல்சியில் ‘ஆடியோ டிலே’ அமைப்பைக் கழித்தல் பக்கமாக, 50 மில்லிநொடி 50 மில்லிநொடியாக நகர்த்துங்கள். வசனம் பேசும் முகம் நெருக்கமாகத் தெரியும் காட்சியில் வைத்துச் சரிபார்த்தால் சுலபம்.

விக்கல் இல்லை, ஆனால் கேமரா நகரும்போது மட்டும் வெட்டி வெட்டித் தெரிகிறது.

சினிமா நொடிக்கு 24 சட்டகம். டிவி 60 தடவை புதுப்பிக்கிறது. 60ஐ 24ஆல் சமமாகப் பிரிக்க முடியாது. அதனால் ஒரு சட்டகம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அந்தச் சமமின்மைதான் கண்ணை உறுத்துகிறது. ஆண்ட்ராய்டு டிவி 12 முதல் வந்தவற்றில் ‘மேட்ச் கன்டென்ட் ஃபிரேம் ரேட்’ என்ற தேர்வு உண்டு. கோடியில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’. போட்டுவிட்டால் படம் தொடங்கும்போது திரை ஒரு நொடி இருண்டு 24க்கு மாறும். அந்த ஒரு நொடியைப் பார்த்துப் பயந்து அணைத்துவிடாதீர்கள். நம் ஊர் சேனல் நிகழ்ச்சிகள் 25 அல்லது 50 கணக்கில் வருபவை. அவற்றுக்கும் இது உதவும்.

பாக்ஸ் 4கே என்கிறார்கள், ஓடிடியில் மட்டும் படம் மங்கலாக வருகிறது.

வைட்வைன் என்ற பாதுகாப்புப் பூட்டு இருக்கிறது. எல்1 நிலை உள்ள கருவிக்குத்தான் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை எச்டி கொடுக்கும். எல்3 என்றால் 480பியோடு சரி. எந்த அமைப்பை மாற்றியும் இதைச் சரிசெய்ய முடியாது. போனின் மென்பொருள் பூட்டைத் திறந்து ‘ரூட்’ செய்தால் எல்1 போய்விடவும் கூடும்.

மழை வந்தால் டிடிஎச் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பாக்ஸை மாற்றட்டுமா?

வேண்டாம். டிடிஎச் சிக்னல் கேயூ அலைவரிசையில் வருகிறது, கனமழை அதை உறிஞ்சிவிடும். தூறலுக்கே உடைந்தால் தட்டு கொஞ்சம் திரும்பியிருக்கலாம், அல்லது வயர் முனையில் தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருக்கலாம். அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வருகிறது.

கேள்விக்குறியோ புரியாத எழுத்தோ வந்தால் கோப்பு ‘யூடிஎஃப்-8’ என்ற எழுத்துக் குறியீட்டில் இல்லாமல் இருக்கலாம். கணினியில் நோட்பேடில் திறந்து, தமிழ் சரியாகத் தெரிந்தால் ‘யூடிஎஃப்-8’ என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். கட்டமாக வந்தால் பிளேயர் எடுத்துக்கொள்ளும் எழுத்துருவில் தமிழ் இல்லை. கோடியிலும் எம்எக்ஸ் பிளேயரிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கும் பிளேயர்களையும் பார்த்திருக்கிறேன். நம் எழுத்தை ஒழுங்காகக் காட்டாத பிளேயர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம், மாற்றிவிடுவேன்.

புதுப் பெட்டி வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

அட்டையில் ‘8கே’, ‘16 ஜிபி ரேம்’ என்று போட்டு, நம்ப முடியாத விலைக்கு வருபவற்றைத் தொடாதீர்கள். 2023 தொடக்கத்தில் டி95 என்ற மலிவுப் பெட்டி ஒன்றில் தொழிற்சாலையிலிருந்தே தீங்கு நிரல் ஏறி வந்தது தெரிந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற பெயரில் இதேபோன்ற பெட்டிகளைப் பற்றி எச்சரித்தது. அப்படிப்பட்ட பெட்டி உங்கள் வீட்டு இணையத்தை உங்களுக்குத் தெரியாமல் மற்றவருக்குத் திறந்துவிடும்.

கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி, அல்லது பெயர் தெரிந்த ஸ்டிக். ஏவி1 ஹார்டுவேர், வைட்வைன் எல்1, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, 2 ஜிபி ரேம். இந்த நான்கும் இருந்தால் சில ஆண்டுகளுக்குக் கவலை இல்லை. கடைக்குப் போவதாக இருந்தால் உங்கள் பழைய பெட்டியில் நொண்டிய படத்தையே ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப்போங்கள். கடை டிவியில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.